பதுவையில் பேசிப் படித்தேன்

செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியார் கோயிலுக்குப் போகும் எந்தத் தமிழ் வீட்டிலும் பதுவை என்ற பெயர் தெரிந்திருக்கும். இத்தாலியிலுள்ள அந்த ஊரில் 1222 முதல் ஒரு பல்கலைக்கழகம் நடந்து வருகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. பெங்களூர் ஜி.கே.வி.கே.யில் பி.எஸ்சி. வேளாண்மை முடித்துவிட்டு முதுகலைக்கு நான் அங்கே போனேன். நான் எடுத்த முடிவுகளிலேயே ஆகச் சிறந்தது அது. எங்கள் அல்சூரில் எந்தத் தம்பி தங்கை வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிக் கேட்டாலும், பதுவையைப் பற்றி முழுசாகச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

முதலில் பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டம்! அந்தோனியார் பேராலயத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு மூலிகைகளை நேரில் காட்டிக் கற்றுக்கொடுக்க 1545-ல் போட்ட தோட்டம். தொடங்கிய இடத்திலேயே இன்றும் இருக்கும் பல்கலைக்கழகத் தோட்டங்களில் உலகிலேயே மூத்தது இதுதான். லால்பாக்கின் 240 ஏக்கரில் ஓடி விளையாடி வளர்ந்தவள் நான். இங்கே பழைய தோட்டம் ஆறு ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு கதை உண்டு. சுற்றியிருக்கும் வட்டமான மதில், ராத்திரியில் புகுந்து மூலிகைகளைத் திருடிப் போனவர்களைத் தடுக்கக் கட்டியது. எண்கோணக் கண்ணாடிக் கூண்டுக்குள் 1585-ல் நட்ட ஒரு பனை இன்றும் உயிரோடு நிற்கிறது. 1786-ல் இங்கே வந்த ஜெர்மன் கவிஞர் கோதே, அடியில் எளிமையாக இருக்கும் அதன் ஓலை மேலே போகப் போக விசிறியாக விரிவதைப் பார்த்து வியந்தார். செடியின் உறுப்புகள் எல்லாமே இலையின் மாறுபட்ட வடிவங்கள்தான் என்ற அவருடைய எண்ணம் அதனால் வலுப்பட்டு, 1790-ல் புத்தகமாக வந்தது. அந்தப் பனையின் முன்னால் நின்று நானும் அடியிலிருந்து நுனிவரை ஓலை ஓலையாகப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது!

காப்பிக்காரர்களுக்கு இன்னொரு சேதி. எகிப்துக்குப் போய் அங்குள்ள செடிகளை ஆராய்ந்து, 1592-ல் வெளியிட்ட நூலில் ஐரோப்பியர்களுக்குக் காப்பிச் செடியைப் படம் போட்டுக் காட்டிய ப்ராஸ்பெரோ அல்பீனி, பிறகு இந்தத் தோட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். பாபா புடன் ஏழு காப்பிக் கொட்டைகளோடு சிக்கமகளூர் மலைக்கு வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் என்னை அடியோடு மாற்றியது தேர்வுதான். இத்தாலியில் பெரும்பாலான பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வு. பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். பின்னால் மற்ற மாணவர்கள் உட்கார்ந்து கேட்கலாம். மதிப்பெண் முப்பதுக்கு, பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. கிடைத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தடவை வந்து எழுதலாம், இல்லை, பேசலாம்! என் தாவர நோயியல் தேர்வில் பேராசிரியர் ஒரு திராட்சை இலையை மேசையில் வைத்தார். அடிச்சாம்பல் நோய். அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பியத் திராட்சையை அழித்த கதை, அதை அடக்கிய போர்டோ கலவை எல்லாம் சொன்னேன். “உங்கள் ஊரில் இதற்குச் சொந்தக்கார நோய்கள் உண்டா?” என்று கேட்டாரே பார்க்கலாம்! மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் மழைக்காலத்தில் வரும் கொளெ ரோகத்தையும், அதற்கு அதே போர்டோ கலவையைக் குலைக்குக் குலை தெளிப்பதையும் விவரித்தேன். அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பரீட்சைக் கூடத்தில் என் பேச்சை ஒரு பேராசிரியர் குறிப்பெடுத்தார்! பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய வருஷங்களில் கிடைக்காத தெம்பு அன்றைக்கு வந்தது.

அந்தோனியாரின் நாக்கைப் புனிதப் பண்டமாகப் பாதுகாக்கும் ஊர் அது. தேர்வுக்கு முன்னால் நான் தவறாமல் போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன். பல்கலைக்கழகத்தின் பழைய மாளிகையான ‘போ’வில் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. எலெனா கோர்னாரோ பிஸ்கோப்பியா. 1678-ல் முனைவர் பட்டம் வாங்கியவர். அப்படி வாங்கிய முதல் பெண்ணாக உலகம் அவரைத்தான் சொல்கிறது. இறையியலில் பட்டம் தர ஆயர் மறுத்ததால் தத்துவத்தில் வாங்கினார். கூட்டம் தாங்காமல் தேர்வை ஆயரின் கதீட்ரலுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவரும் வாயால் பேசித்தான் ஜெயித்தார். அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்கும். அதே மாளிகையில்தான் கலிலேயோ நின்று பாடம் சொன்னதாகச் சொல்லப்படும் மரமேடை இருக்கிறது. பதுவையில் இருந்த பதினெட்டு வருஷங்களே தன் வாழ்நாளில் மிகச் சிறந்தவை என்று அவர் முதுமையில் எழுதினார். முழுக்க நம்புகிறேன்!

எதிரே பெத்ரோக்கி காப்பிக்கடை, 1831-ல் திறந்தது. அதன் பச்சை அறையில் எதுவும் வாங்காமலே உட்காரலாம் என்பது பழைய வழக்கம். கையில் காசில்லாத மாணவர்களுக்கு அது தெய்வம். வெள்ளை அறைச் சுவரில் 1848 மாணவர் கிளர்ச்சியின்போது பாய்ந்த குண்டின் தடம் இன்னும் இருக்கிறது.

பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானச் சான்றுகளை முறையாக மொழிபெயர்த்து, அப்போஸ்டில் முத்திரையோடு கொடுத்து, வட்டார உதவித்தொகைக்கும் கட்டாயம் விண்ணப்பியுங்கள்.

பட்டம் வாங்கும் நாள் பதுவையில் தெருத் திருவிழா. தலையில் புன்னை இலை போன்ற பளபளப்பான லாரல் இலைக் கிரீடம், சுற்றிலும் நண்பர்களின் கேலிப் பாட்டு. கேலிச்சித்திரத்தோடு நம் கதையை முழுநீளச் செய்யுளாக எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். நாமே அதை உரக்க வாசிக்க வேண்டும். என் கேரளத் தோழியும் பிரேசில் நண்பனும் சேர்ந்து, என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழில் நான்கு வரிகளை அதில் நுழைத்திருந்தார்கள். அந்த 1848 கிளர்ச்சியின் நினைவாகப் ‘பிப்ரவரி 8’ என்றே பெயர் வைத்த தெருவில் நின்று, தொண்டை வறளும்வரை நான் தமிழ் வாசித்தேன், தெருவே கைதட்டியது!