கண்ணகி சொன்ன பதில்

சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரித்துத் தெய்வமாகிறாள். மணிமேகலையிலோ அதே கண்ணகி, எரித்த வினையின் பயனைத் தேவருலக வாழ்வு முடிந்த பின் அனுபவித்தாக வேண்டும் என்கிறாள். எந்தக் கண்ணகியை நம்புவது என்று மாணவிகள் கேட்கிறார்கள். முன்னது சமணம், பின்னது பௌத்தம் என்று சொல்லி வகுப்பை முடித்துவிடலாம். ஆனால் மணிமேகலையின் 26ஆம் காதையில் பேசுவது யார் என்று பாருங்கள்.

வஞ்சிக் கோயிலில் மணிமேகலை கேட்கிறாள்: கணவனோடு உயிர்விடாமல், தவமும் மேற்கொள்ளாமல் பழிதீர்த்தது ஏன்? பதில் சொல்பவள் கண்ணகியே. அவள் கோபத்துக்கு அங்கே அரசனோ துறவியோ தீர்ப்பு எழுதவில்லை. அந்தப் பதிலை அவள் வாயில் வைத்தவர் சாத்தனார் என்ற ஆண்தான். அதை மறக்க வேண்டாம். ஆனால் அவரும் கண்ணகியைத் தெய்வ நிலையிலிருந்து இறக்கவில்லை.

28ஆம் காதையில் மணிமேகலை, பஞ்சம் வாட்டும் நம் காஞ்சிக்கு அமுதசுரபியோடு வருகிறாள். தாய் மூட்டியது ஊரை எரித்த தீ. மகள் அணைப்பது பசித்தீ. மறுபடியும் பெண்தான் சோறு போட வேண்டுமா? போடுகிறாள், ஆனால் ஒருவன் வீட்டு அடுப்படியில் நின்றல்ல, துறவியாக, ஊர்ப் பொதுவில்.

இரண்டு காப்பியங்களும் முரண்படவில்லை. தாயின் கோபத்தை மகள் கேள்வி கேட்கிறாள். தாய் மறைக்காமல் பதில் சொல்கிறாள். அந்த உரையாடல் நம் வீடுகளில் இன்னும் தொடங்கவில்லை.