எழுதத் தெரியாத பாட்டிக்கு ஒரு கடிதம்: 'தி வே ஹோம்'

உங்கள் வகுப்பில் கொரியப் படங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'பாராசைட்', 'டிரெயின் டு பூசான்' என்று மாணவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். 2002இல் லீ ஜியோங்-ஹியாங் என்ற பெண் இயக்குநர் எடுத்த 'தி வே ஹோம்' அந்தப் பட்டியலில் அநேகமாக இருக்காது. தமிழாசிரியர்களான நாம் முதலில் பார்க்க வேண்டிய கொரியப் படம் அதுதான் என்பேன்.

கதை சின்னது. வேலை தேடும் தாய், சியோல் நகரில் வளர்ந்த ஏழு வயது சாங்-வூவை மலைக்கிராமத்தில் இருக்கும் பாட்டியிடம் விட்டுப்போகிறாள். பாட்டிக்குக் கூன் விழுந்த முதுகு, பேச்சு வராது, எழுத்தும் தெரியாது. பையன் கையில் எந்நேரமும் விளையாட்டுக் கருவி. பேட்டரி தீர்ந்ததும் பாட்டியின் கொண்டை ஊசியையே திருடுகிறான்.

கோழிக் காட்சியை மறக்க முடியாது. அவன் கேட்பது கென்டக்கி சிக்கன். பாட்டி மழையில் நனைந்து, உயிர்க்கோழி வாங்கி வந்து அவித்து வைக்கிறார். "இது இல்ல!" என்று அழுது அடம்பிடிக்கிறான். ராத்திரி பசி தாங்காமல் எழுந்து அதையே சாப்பிடுகிறான். இயக்குநர் இங்கே எந்த அறிவுரையும் சொல்வதில்லை; கேமரா பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. பாட்டியாக வரும் கிம் உல்-பூன் அதற்குமுன் நடித்ததே இல்லாத கிராமத்து மூதாட்டி. அந்த நடையும் கையும் நடிப்பாகவே தெரியவில்லை.

ஒரு குறையும் உண்டு. இந்தப் பாட்டிக்குக் கோபமே வருவதில்லை. நம் எஸ்டேட் பாட்டிகளாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் சோறு போடுவார்கள்! அந்தத் திட்டும் பாசம்தான். படத்தின் பாட்டி கொஞ்சம் தெய்வமாகிவிடுகிறார்.

ஆனால் கடைசிப் பகுதி எல்லாவற்றையும் ஈடுகட்டுகிறது. ஊர் திரும்பும் முந்தைய இரவு, "உடம்பு சரியில்லை", "பார்க்கணும் போல இருக்கு" என்ற இரண்டை மட்டும் எழுதப் பாட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறான். அவரால் முடியவில்லை. "உடம்பு முடியலன்னா வெறுந்தாளையாவது அனுப்பு, நான் ஓடி வந்துடுவேன்" என்று அழுகிறான். பிறகு, கண் மங்கிய பாட்டிக்காக ஊசிகளில் நூல் கோத்து வைக்கிறான். மறுநாள் தான் ஆசையாக வைத்திருந்த அட்டைகளின் பின்புறம் படம் வரைந்து கொடுக்கிறான். பாட்டி அனுப்பினாலே போதும், சேதி போய்விடும்.

நாம் உறவுக்கடிதம் எப்படிச் சொல்லித்தருகிறோம்? முகவரி, தேதி, விளிப்பு, "நலம், நலமறிய ஆவல்." அமைப்பு சரியாக இருக்கும், யாருக்கு எழுதுகிறோம் என்பது மட்டும் இருக்காது. நம் மாணவர் பலரின் பாட்டிகள் ஜாசின், அலோர் காஜா பக்கத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர்களும் அவர்களில் உண்டு. மலாக்கா நகரத் தாமான்களில் வளரும் பேரப்பிள்ளைகள் வார இறுதியில் போய்க் கைப்பேசியில் மூழ்குகிறார்கள். சாங்-வூ அவர்களுக்கு அந்நியன் அல்ல.

படம் ஒன்றரை மணி நேரம்தான். முழுவதும் காட்ட நேரமில்லையென்றால் கடைசி இருபது நிமிடம் காட்டுங்கள். பிறகு எழுத்தே இல்லாமல், தங்கள் பாட்டிக்குப் புரிகிற மாதிரி ஓர் அட்டை வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கடிதம் எழுதட்டும். அமைப்பை அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம்.