கையெழுத்துப் படி ஓர் அமானிதம்

நாவலொன்றை வாசித்து முடித்ததும் ஆசிரியரைப் போற்றுகிறோம்; பதிப்பகத்தின் பெயரையும் சில வேளை நோக்குகிறோம். இவ்விருவருக்கும் இடையே இருந்து, கதை எங்கே தளர்கிறது, எந்தப் பாத்திரம் இன்னும் உயிர் பெறவில்லை என்று எழுதியவரிடம் எடுத்துரைத்தவரை நாம் நினைப்பதே இல்லை. செம்மையாக்குநர் என்றும் எடிட்டர் என்றும் வழங்கப்படும் அவரது பணி யாது? அதன் எல்லை எது?

அச்சுப்பிழை திருத்துவது வேறு. சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடம் காண்பதும் வேறு. இவர் நோக்குவது கதையின் கட்டுக்கோப்பை. இதனை மேலைநாட்டு இறக்குமதி என்று தள்ளுவாரும் உளர். ஆனால், நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்த நன்னூலார், அவற்றுள் ‘மற்றொன்று விரித்தல்’, ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பனவற்றையும் சேர்த்துள்ளார். இன்றைய எடிட்டர் கையெழுத்துப் படியின் ஓரத்தில் குறிப்பவை பெரும்பாலும் இவையே.

மேலைநாட்டு நிகழ்ச்சி ஒன்று இப்பணியின் ஆற்றலைக் காட்டும். ஹார்ப்பர் லீ என்னும் அமெரிக்கப் பெண்மணி 1957இல் ஒரு நாவலைப் பதிப்பகத்திடம் கொடுத்தார். வளர்ந்த பெண்ணொருத்தி ஊர் திரும்பும் கதை அது. டே ஹோஹோஃப் என்னும் பெண் எடிட்டரின் வழிகாட்டலில், அவர் அக்கதை மாந்தரின் இளமைக் காலத்திற்குச் சென்று, மீண்டும் மீண்டும் திருத்தி எழுதினார். 1960இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ அவ்வாறு உருவானதே. முதற்படி 2015இல் தனி நூலாக வந்தபோது இரண்டுக்கும் உள்ள தொலைவை வாசகர் கண்டனர். எடிட்டர் கதையை எழுதவில்லை. கதை எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

தமிழில் 1974இல் தொடங்கப்பெற்ற க்ரியா பதிப்பகத்தின் எஸ். ராமகிருஷ்ணன், 2020இல் மறையும் வரை, ஆசிரியரோடு அமர்ந்து படியைச் செம்மையாக்குவதைப் பதிப்பின் கடமையாகவே கருதியவர். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் அங்கிருந்தே வெளிவந்தது. அந்நாவலில் சலவைத் தொழில் செய்யும் எளிய குடும்பத்தின் பேச்சு மொழி சிதையாமல் நிற்பதை வாசகர் அறிவர்.

இனி, நம் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தம் நாவலை நம் பார்வைக்கு அனுப்பினார். லாரியும் இருசக்கர வாகனமும் கைக்கடிகாரமும் உருவாகும் நகரம் அது. ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகம். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கனி உருதுவும் ஒலிக்கும். கதையில் தந்தை தமிழ் பேசும் குடும்பத்தவர்; தாய் தக்கனி பேசும் குடும்பத்தவர். மகன் தன் முதற் சம்பளத்தை நீட்டுகையில் தாய் ‘நக்கோ’ என்று கையை விலக்குகிறாள்.

தொழிற்கூட வருணனையாகவே நீண்ட முதல் மூன்று அத்தியாயங்களைச் சுருக்கி, இரவு ஷிப்டுக்குச் செல்லும் பேருந்திலிருந்து தொடங்கலாம் என்றோம். இறுதி அத்தியாயம் நல்லுரையாக முடிவதைக் கண்டு, கதை தானே உணர்த்திவிட்டதை மீண்டும் உரைக்க வேண்டா என்றோம். இரண்டையும் அவர் ஏற்றார். நூலும் வலுப்பெற்றது.

ஆயின் நாம் ஒரு தவறும் செய்தோம். பிற மாவட்டத்து வாசகருக்கு விளங்காது என்றெண்ணி, ‘நக்கோ’வை ‘வேண்டாம்’ என மாற்றினோம். அதுபோன்ற பல சொற்களையும் மாற்றினோம். இளைஞர் சினந்து எழுதவில்லை. “இதில் என் தாயின் குரல் கேட்கவில்லையே” என்று மட்டும் எழுதினார். மறுபடி வாசித்தோம். தாயும் தந்தையும் ஒரே குரலில் பேசினர். இரு மொழிகள் ஒரு கூரையின்கீழ் வாழும் கதையில் ஒரு மொழியை நாமே வெளியேற்றியிருந்தோம்! சொற்களை உரிய இடத்தில் மீட்டு வைத்தோம்.

தோப்பில் முஹம்மது மீரானை நினைத்துப் பார்க்க வேண்டும். மலையாள வழியில் கல்வி கற்ற அவரது ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. தேங்காப்பட்டணத்து முஸ்லிம்களின் வழக்குமொழியே அதன் உயிர். அதனை எவரேனும் பாடநூல் தமிழாக்கியிருந்தால், 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த எழுத்தாளரை நாம் பெற்றிருப்போமா என்பது ஐயமே.

ஆகவே, குற்றத்தையும் இயல்பையும் பிரித்தறிவதே செம்மையாக்குநரின் முதற் கல்வி. கதை தேய்வது குற்றம். தாயின் சொல் வேறாக ஒலிப்பது இயல்பு. ஐயம் எழுந்தால் திருத்துவதற்கு முன் வினவ வேண்டும். முஃமினை முஃமினுக்குக் கண்ணாடியாகச் சொன்ன நபிமொழியை நம் இல்லங்கள் அறியும். கண்ணாடி கறையைக் காட்டும், முகத்தை மாற்றாது.

நம் பிள்ளைகள் எழுதிக் கொண்டுவரும் தாள்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பெறும் அமானிதமே. வாசித்து, தளர்ந்த இடத்தைத் தயங்காமல் சுட்டுவோம். அவர்தம் குரலை மட்டும் அவரிடமே ஒப்படைப்போம்.