மாக்பெத்தில் குற்றவுணர்வும் தன்மை வினைமுற்றும்

சேக்சுபியரின் 'மாக்பெத்' நாடகத்தில் குற்றவுணர்வை ஆராய்ந்தோர் பெரும்பாலும் குருதிக்கறை, உறக்கமின்மை, ஆவித்தோற்றம் ஆகிய படிமங்களையே எடுத்துக்கொண்டனர். அவ்வுணர்வு வினைச்சொல்லில் இயங்கும் முறையும், தமிழாக்கத்தில் அதனால் எழும் சிக்கலும் இங்கு ஆராயப்படுகின்றன.

இதனைத் தெளிவாக்கும் நிலம் நெய்யாற்றின்கரை வட்டம். 1956 நவம்பர் 1இல் அண்டை வட்டமான விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைய, இது கேரளத்தில் நின்றது. பாறசாலையை ஒட்டிய எல்லையூர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. தமிழின் 'செய்தேன்' அங்கு 'ஞான் செய்து' எனவும் ஒலிக்கும். மலையாள வினை இடவிகுதியை இழந்தமையை ஏ. ஆர். இராசராச வர்மா 'கேரளபாணினீயத்தில்' 'புருஷபேத நிராசம்' என்றார். மலையாளத்தில் முற்றாக நிற்கும் 'செய்து' தமிழ்ச்செவிக்கு எச்சமாகவே படுகிறது. (மலையாள முற்றின் ஈற்றுகரம் குறுகாது என்பது வேறு.) வினை முடிந்தும் முடியாத இந்நிலையே மாக்பெத்தின் நிலையாகும்.

முதல் அங்கம் ஏழாம் காட்சியில், செயல் தன்னளவிலேயே முடிந்துவிட வேண்டும் என்று அவன் விழைகிறான். அவ்விழைவைத் தொடங்கும் தொடரில் செய்பவன் இல்லை, செயப்பாட்டுவினையே உள்ளது. கொலைக்குப்பின் மனைவியிடம் தன்மையில் பேசுகிறான். ஆயினும் 'கொலை' என்னாது 'செயல்' என்றே சுட்டுகிறான். காவலரைக் கொன்றதையோ அவையறியத் தன்மையிலேயே கூறுகிறான். சொல்லக்கூடிய கொலை சொல்லவொண்ணாக் கொலையை மறைக்கிறது. டங்கனைக் கொன்றதாக அவன் தன் வாயால் கூறுவது மூன்றாம் அங்க முதற்காட்சியின் தனிமொழியில்தான். அங்கும் கழிவிரக்கத்தைவிட, பாங்கோவின் வழியினர்க்குப் பயன்பட்டுவிட்டதே என்னும் புழுக்கமே மேலோங்குகிறது. இவ்விடம் போதிய கவனம் பெறவில்லை. விருந்துக் காட்சியில் 'நான்' முழுதும் நழுவி, இதனைச் செய்தவர் உங்களுள் யார் என்னும் முன்னிலை வினாவாகிறது.

தொல்காப்பியர் அச்சத்திற்குக் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனுள் மாக்பெத் அஞ்சும் தன் கை அடங்காது. இறையைக் கொன்று தானே இறையானவன் அவன்.

ஆங்கிலத்தில் 'நான்' தனிச்சொல். வினையினின்று விலகி நிற்கும். தமிழில் அது 'ஏன்' விகுதியாய் வினையிலேயே ஒட்டியுள்ளது. எனவே முதல் அங்கத் தொடரை 'நான் செய்தால்' என்று பெயர்ப்பது பிழை. 'செய்து முடிவதாயின்' என எழுவாயின்றி அமைப்பதே தகும். மூன்றாம் அங்கத்தில் மட்டும் 'கொன்றேன்' என்பது வெளிப்பட வேண்டும். முன்னரே அச்சொல்லைக் கையாண்டால் அதன் வலிமை கெடும்.

மாக்பெத்தின் மனைவி துயில்நடையில் கறையை ஏவுகிறாள், வினவுகிறாள். கொலையைத் தன்மை வினையால் ஓரிடத்தும் சுட்டவில்லை. அக்காட்சியில் அவள் பேச்சு பாவினின்று உரைநடைக்கு இறங்குகிறது. அதனைத் தமிழில் மீண்டும் அகவலாக உயர்த்துவது பொருந்தாது.