சகோதரர் லாரன்ஸ் கேட்காத ஜெபம்

ஜெபத்தைப் பற்றி ஒரு புத்தகம் சொல்லுங்கன்னு கேட்டா, பலரும் கை காட்டுவது சகோதரர் லாரன்ஸின் சின்ன நூலைத்தான். தேவ பிரசன்னத்தில் வாழப் பழகுவது பற்றிய நூல். பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். அதற்கு முன் சிப்பாய். 1691இல் இறந்தார். உண்மையில் அவர் புத்தகம் என்று எதையும் எழுதவில்லை. ஜோசப் த பொஃபோர் என்ற குரு, அவரோடு தான் பேசிய நான்கு உரையாடல்களையும் கிடைத்த கடிதங்களையும் பிறகு தொகுத்தார்.

இன்னிக்கு இந்த நூலின்மேல் ஒரு சர்க்கரைப் பூச்சு ஏறியிருக்கு. பாத்திரம் கழுவிக்கிட்டே ஜெபிக்கலாம், மனசு லேசாயிடும், அவ்வளவுதான்னு. உள்ளே போய்ப் பார்த்தா கதை வேற. சமையலறை வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. மடத்துக்குத் திராட்சை மது வாங்க பர்கண்டிக்கு அனுப்புகிறார்கள். வியாபாரம் தெரியாது, கால் வேறு ஊனம், படகில் பீப்பாய்கள்மேல் உருண்டுதான் நகர முடிந்தது. முதல் பத்து வருஷம் மிகவும் துன்பப்பட்டதாக ஒரு கடிதத்தில் அவரே சொல்கிறார். மன அமைதிக்குக் குறுக்குவழி தேடுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் தாண்டப்படுகிறது. ஜெப வேளைக்கும் மற்ற வேளைக்கும் தனக்கு வித்தியாசமில்லை என்றவர், குறித்த நேரத்தில் ஜெபத்துக்குப் போகத்தான் செய்தார். மடத்துத் தலைவர் சொன்னதால் போனார், அவ்வளவே. ஆனா நாள் முழுக்க மணியடித்து ஜெபிக்கும் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு அவர் அப்படிச் சொன்னார். அந்த வீடு இல்லாத நாம் அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கிட்டா, கொஞ்ச நாளில் கையில் ஒன்றுமே மிஞ்சாது.

அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, தவறும்போது அவர் நடந்துகொள்ளும் விதம். மனம் அலைந்ததா, ஒத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறார். அதையே நினைத்துப் புழுங்குவதில்லை. குற்றவுணர்வையே பக்தி என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை.

இடறுவது கடைசிக் கடிதங்களில். நோயில் கிடக்கும் ஒருவருக்கு எழுதுகிறார்: உங்கள் வலி நீங்கணும்னு நான் ஜெபிக்கவில்லை, தாங்கும் பலத்துக்காகவே ஜெபிக்கிறேன் என்ற பொருளில். தன் வலியிலும் அப்படியே இருந்ததாகச் சொல்கிறார். அவர் சொன்னால் அது கல்நெஞ்சம் இல்லை, அனுபவம். ஆனாலும் கெத்செமனேயில் இயேசு முதலில் கேட்டது பாத்திரம் நீங்கணும் என்றுதான் (மாற்கு 14). பிதாவின் சித்தத்துக்கு விட்டுக்கொடுத்தது அதற்குப் பிறகு. லாரன்ஸ் அந்த முதல் பாதியை விட்டுவிட்டு நேரே இரண்டாம் பாதிக்குப் போய்விடுகிறார். சங்கீதக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. 88ஆம் சங்கீதம் முறையிட்டபடியே இருட்டில் முடிகிறது. கேட்காமலே சரணடைவது அவருடைய முதிர்ச்சியாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் அதை எதிர்பார்த்தால், அவள் வாயை நாம் மூடுகிறோம்.

அதனால் உடம்பு நல்லா இருக்கறவங்களுக்குத்தான் இந்த நூலைக் கொடுக்கிறேன், பத்து வருஷம் என்ற இடத்தில் கோடு போட்டு. நோயாளிகளுக்குச் சங்கீதப் புத்தகம்.