நாடு முதலா, வீடு முதலா?

கென்ய இயக்குநர் சாம் சோகோவின் 'சாஃப்டி' என்னும் ஆவணப்படம் 2020-இல் வெளிவந்தது. இதன் நாயகர் பானிஃபேஸ் முவாங்கி, 2007 தேர்தலை அடுத்துக் கென்யாவில் மூண்ட வன்முறையைப் படம்பிடித்த நிழற்படக் கலைஞர். அன்று கண்ட குருதி அவரை வாளாவிருக்க விடவில்லை. கருவியை வைத்துவிட்டு வீதியில் இறங்கிப் போராடினார். 2017-இல் நைரோபியின் ஸ்டாரெஹே தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார், வாக்குக்குப் பணம் தர மறுத்தார், தோற்றார்.

எனினும், வீர வரலாறாகவே முடிந்துவிடாமல் படத்தைக் காப்பது இல்லத்துக் காட்சிகளே. மிரட்டலுக்கு அஞ்சி மூன்று பிள்ளைகளுடன் அமெரிக்கா செல்ல நேர்ந்த துணைவியார் நிஜேரியின் முகம், மேடைப் பேச்சுகளைவிட ஆழமாக நம்மைத் தொடுகிறது. நாட்டிற்குத் தன்னையே தருபவர், பிள்ளைகளுக்குரிய தந்தையையும் சேர்த்துத் தந்துவிடலாமா? இயக்குநர் விடை கூறவில்லை. கணவரைக் குற்றவாளியாக்கவும் இல்லை, மனைவியைத் தடைக்கல்லாக்கவும் இல்லை. அந்த நேர்மையே படத்தின் சிறப்பு.

ஒரு குறை உண்டு. கைநீட்டும் வாக்காளரின் வறுமையையும் இதே பரிவுடன் அருகிருந்து கேட்டிருக்கலாம். எனினும், தலைவர்களைப் போற்றும் நாம் அவர்தம் இல்லத்தாரை எண்ணிப் பார்த்ததுண்டா என்று இப்படம் கேட்கும்போது, நாம் தலைகுனியவே வேண்டியிருக்கிறது.