ரிப்பன் மாளிகை: முகப்பைத் தாண்டி

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு ரிப்பன் மாளிகை ஒன்றும் புதுசில்லை. ஏலகிரி எக்ஸ்பிரஸில் வந்து சென்ட்ரலில் இறங்கி பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்குப் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துக்கிட்டேதான் நடக்கிறார்கள். நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இதை ‘இந்தோ சாரசனிக்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. பக்கத்திலேயே சிஸ்ஹோம் வடிவமைத்த செங்கல் சிவப்பு விக்டோரியா ஹால் இருக்கிறது. அதில் இந்த ஊரோடு பேசிப் பார்க்கும் ஆசையாவது தெரியும். ஹாரிஸ் வடிவமைத்த ரிப்பன் மாளிகையில் அந்த ஆசை இல்லை. வரிசையாக ஒரே மாதிரி வளைவுகள், கிரேக்க பாணித் தூண்கள், நடுவில் 43 மீட்டர் கடிகாரக் கோபுரம், எல்லாத்துக்கும் மேலே அந்த வெள்ளை. சாலையிலிருந்து தள்ளி, முன்னால் புல்வெளி விட்டு நிற்கிறது. மனு கையில் வைத்திருப்பவன் கேட்டிலிருந்தே கொஞ்சம் குனிந்துதான் நடப்பான். அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அதிகாரத்தின் அழகு.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு வைத்த பெயர் அதிகாரத்தைப் பகிரச் சொன்னவருடையது. 1882-இல் உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்த வைஸ்ராய் ரிப்பன். ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று ஜனங்கள் கொண்டாடியதாகச் சொல்வார்கள். 1909-இல் அடிக்கல் நாட்டி, ஏழரை லட்சம் செலவில், லோகநாத முதலியார் கட்டி, 1913-இல் திறந்தார்கள். அப்போது ஓட்டு, வரி கட்டும் ஒரு சிறு கூட்டத்துக்குத்தான்.

சரி, அது வெள்ளைக்காரன் காலம். அதற்கப்புறம்? 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். இருபத்து மூன்று வருஷம் கடிகாரம் இருந்தது, கோபுரம் இருந்தது, கவுன்சிலர் இல்லை. அதிகாரிகளே ஊரை நடத்தினார்கள். கட்டடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் சுண்ணாம்புச் சாந்து, தூண், புதுப்பிப்புப் பணி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த இருபத்து மூன்று வருஷத்துக்கு ஒரு வரி கிடைப்பதே அபூர்வம். மன்றக் கூடம் என்பது ஆட்கள் உட்கார்ந்து சண்டை போடுவதற்காகக் கட்டிய இடம். அந்தச் சத்தம் இல்லாத காலத்தை விட்டுவிட்டு அதன் கட்டடக்கலையை எப்படி மதிப்பிடுவது?

2016-இல் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் அதேதான். இந்த முறை சென்னை மட்டுமில்லை. வேலூர் மாநகராட்சி, ஆம்பூர் நகராட்சி என்று எல்லா ஊரிலும். கவுன்சிலர் வீட்டு வாசலில் போய்க் கத்த வேண்டிய சாக்கடைப் பிரச்சினைக்குக்கூட அதிகாரி அறைக்கு வெளியே காத்திருக்கணும். ஆம்பூர் அலுவலகத்துக்குக் கோபுரமும் கிடையாது, ஃபோட்டோ எடுக்க யாரும் வருவதும் கிடையாது. ஆனாலும் 2022 பிப்ரவரி 19 அன்று இரண்டு ஊருக்கும் ஒரே நாளில்தான் ஓட்டுப் போட்டோம்.